நாலாவது வாஷர்

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் என் பட்டறைத் தரையில் குப்புறப் படுத்து, மேசைக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். சட்டையின் முன்பக்கம் முழுக்க எண்ணெய். தேடியது ஒரு செம்பு வளையம். அஞ்சு காசு அகலம்கூட இருக்காது, நடுவில் ஓட்டை.

"என்னங்க தேடுறீங்க?"

என் மனைவி லலிதா வாசலில் நின்றாள். கையில் சாம்பிராணிக் கரண்டி. இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"வாஷர்."

"அதான் அலமாரியில பெட்டி பெட்டியா வச்சிருக்கீங்களே."

"புதுசு இல்லம்மா, பழசு. நாலு இருக்கணும். மூணுதான் இருக்கு."

"பழசுதானே? போனா போகட்டும்."

போனால் போகட்டும் என்று விடுகிற சாமானாக இருந்தால் நான் ஏன் தரையில் படுக்கப்போகிறேன்? அந்த நாலாவது வாஷர் என் பட்டறையில் கிடந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பட்டறையில் இல்லையென்றால் அது இருபது நிமிஷத்துக்கு முன்னால் கிளம்பிப்போன ஒரு ஸ்கூல் வேனின் எஞ்சினுக்குள் இருக்கிறது. அந்த வேன் பதினாலு பிள்ளைகளை ஏற்றப் போயிருந்தது.

மேசைக்கு அடியில் ஒரு உடைந்த ஸ்பேனர், இரண்டு நட்டு, காய்ந்துபோன ஒரு எலுமிச்சம்பழம். வாஷர் இல்லை.

உட்காராதவன்

வாராவாரம் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். 'ஐயா, இத்தனை வாரத்தில் நீங்கள் ஒருநாள்கூட ஓரிடத்தில் உட்கார்ந்ததாக எழுதவில்லையே' என்று. வாஸ்தவம்தான். உட்கார்ந்திருந்தால்தானே எழுதுவதற்கு?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது. சாப்பாடு கொண்டுவந்தவரின் லோரி ஸ்டார்ட் ஆகாமல் மண்டபத்து வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் மணையில் எப்படி இருக்க முடியும்? பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். ஐயர் மாப்பிள்ளையைத் தேட, மாப்பிள்ளை லோரி பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். தாலி கட்டும்போது என் நகத்தில் இருந்த கறுப்பு இன்றைக்கும் போட்டோவில் தெரியும். லலிதா வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டாமல் விடமாட்டாள்.

இந்த ஊரில் வண்டி பழுது பார்க்கிறவனை 'போர்மன்' என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கு மேலே போர்மன் என்று கேட்கக்கூடாது. என்னிடம் ஆள் கிடையாது. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரிகள் போகிற சாலைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பட்டறையில் நான் ஒருவன்தான் போர்மன், நான் ஒருவன்தான் வேலையாள். காலையில் கொப்பி ஓ, அதாவது பால் விடாத காப்பி, வாங்கினால் அது மத்தியானம் வரைக்கும் ஆறி, ஈ விழுந்து கிடக்கும். ஒரு வாய் குடிப்பதற்குள் இன்னொரு வேலை என்னை இழுத்துவிடும்.

அதைச் சுறுசுறுப்பு என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மல்லிகைப்பூ வாசமா வரும்?

அந்த ஸ்கூல் வேனை ஓட்டுகிற ராஜேஸ் அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு ஒரு பழைய டீசல் வேனை எடுத்து, போர்ட் கிள்ளான் அடுக்குமாடி வீடுகளிலிருந்து கிள்ளான் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பதினாலு பிள்ளைகளின் பெயர் மட்டும் இல்லை, யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு முட்டை ஆகாது, யார் வீட்டில் சண்டை என்பது வரைக்கும் அவருக்கு மனப்பாடம். வேன் ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். போன் கைப்பையில், கைப்பை சீட்டுக்குப் பின்னால். பிரதம மந்திரி கூப்பிட்டாலும் அப்படித்தான் என்பார்.

கொரோனா அடங்கி, பள்ளிக்கூடம் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கிய காலம். ஒருநாள் பட்டறைக்கு வந்து நின்றார். நான் ஒரு லோரிக்கு அடியில் படுத்திருந்தேன். அவருடைய செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"தம்பி, வேனுக்குள்ள ஒரு மாதிரி வாசம் வருதுப்பா. புகை வாசம். தலை வலிக்குது."

நான் வெளியே வரவில்லை. படுத்தபடியே சொன்னேன்: "டீசல் வண்டி அக்கா. பின்ன மல்லிகைப்பூ வாசமா வரும்?"

லோரி டிரைவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். "சரிலா, நீ வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செருப்பு திரும்பிப் போவதை நான் பார்த்தேன். அடுத்த போல்ட்டுக்குக் கை போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. முன்சீட்டில் உட்கார்கிற ஒரு பையன் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டானாம். நீங்கள் லோரி ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறீர்கள் என்று அவன் அம்மா போன் போட்டுத் திட்டினாளாம். இன்னும் இரண்டு பிள்ளைகளின் வீட்டில் வேறு வேன் பார்க்கிறார்களாம்.

அன்றைக்குத்தான் டிரைவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அந்த மாதிரி வேன்களில் எஞ்சின் சீட்டுக்கு நேர் அடியில் இருக்கும். நாலு இஞ்செக்டர். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற குழாய் அதுதான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செம்பு வாஷர் உட்கார்ந்து, உள்ளே எரிகிற புகை மேலே வராமல் அடைத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது இஞ்செக்டரைச் சுற்றித் தார் காய்ச்சி ஊற்றின மாதிரி கறுப்பு. சீல் போய், புகை மாதக்கணக்கில் கசிந்து, அங்கேயே படிந்து கெட்டியாகியிருந்தது. கசிவுக்கு நேர் மேலே சீட். சீட்டில் அக்கா. பின்னால் ஏர்கான் போட்டு, கண்ணாடி ஏற்றி, பதினாலு பிள்ளைகள்.

"சின்ன வேலைதான் அக்கா. நாளைக்கே முடிச்சுத் தர்றேன்" என்றேன். மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

மறுநாள் எட்டு மணிக்கு, பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் பன்னிரண்டுக்கே விட்டுவிடும். பதினோரு மணிக்கு வேன் வேண்டும் என்றார். எஞ்சின் ஆறுகிற நேரமும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் நாலு இஞ்செக்டரையும் கழற்றி, அடியைச் சுரண்டி, வாஷர் மாற்றி, திரும்பப் பூட்டுவது நிதானமான மனுஷன் ஒத்துக்கொள்கிற வேலை இல்லை. நான் ஒத்துக்கொண்டேன்.

மூன்றாவது இஞ்செக்டர் மட்டும் வரவே மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, தட்டி, திருகி, திட்டி, நாற்பது நிமிஷம் போய்விட்டது. ஒருவழியாகப் பிடுங்கினபோது மணி பத்தேகால். துணியை விட்டுத் துடைத்தேன். புது வாஷரைப் போட்டேன். பூட்டினேன்.

இப்போது எங்கள் பட்டறை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரை, பதினொன்றுக்கு லலிதா சாம்பிராணி போடுவாள். சாமி படத்துக்குக் காட்டுவதோடு நிற்கமாட்டாள். பட்டறையில் நிற்கிற ஒவ்வொரு வண்டியின் கதவையும் திறந்து உள்ளே ஒரு சுற்றுக் காட்டுவாள். லோரி டிரைவர்கள் அதற்காகவே காத்திருந்து எடுத்துப் போவார்கள். காட்டாமல் விட்டால், "அக்கா, நம்ம வண்டியை மறந்துட்டீங்களே" என்று வந்து நிற்பார்கள்.

அன்றைக்கு ராஜேஸ் அக்கா அவரே பக்கக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். "பின்சீட்டு வரைக்கும் காட்டும்மா லலிதா. பிள்ளைங்க உட்கார்ற இடம்."

லலிதா ஏறி உள்ளே காட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன்.

கசிவு நின்றதா என்று பார்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இஞ்செக்டரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டு, எஞ்சின் நன்றாகச் சூடாகிற வரைக்கும் காத்திருந்து, குமிழ் வருகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, மூக்கு. சோப்புத் தண்ணீர் போத்தல் பட்டறையின் அந்தக் கோடியில் இருந்தது. அக்கா மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் வாசலில் ஒரு லோரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. குனிந்தேன், மூக்கை வைத்து நன்றாக இழுத்தேன்.

சாம்பிராணி வாசம்தான் வந்தது. அருமையான வாசம்.

"சுத்தமா இருக்கு அக்கா. எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

மூன்றுதான்

அப்புறம் கை துடைத்துக்கொண்டு, பழைய சாமானைக் கொட்டப் போனேன். பிஸ்கட் டின் மூடியில்தான் கழற்றினதை எல்லாம் போடுவது. பழைய போல்ட் எட்டு. பழைய வாஷர் மூன்று.

எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் புதுசைப் பூட்ட வேண்டும் என்பது நானே எனக்குப் போட்ட சட்டம். ஏனென்றால் அந்த வாஷர் சில சமயம் இஞ்செக்டரோடு வராது. ஓட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு, கரி மூடி, எஞ்சினின் இரும்பு மாதிரியே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் தெரியாது. அதன்மேல் புது வாஷரைப் போட்டால் இரண்டு வாஷர் ஆகிவிடும். இஞ்செக்டர் சரியாக உட்காராது. எஞ்சின் சூடேறினதும் பழையபடி கசியும்.

தரையில் தேடினேன் என்று சொன்னேன் அல்லவா, உண்மையில் அது தேடல் இல்லை. தரையில் இருந்துவிடு, இருந்துவிடு என்று கெஞ்சல்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். கைப்பையில், சீட்டுக்குப் பின்னால்.

"பட்டறையைப் பார்த்துக்க" என்று லலிதாவிடம் சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீர் போத்தலை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, என் சின்ன கப்சாய் மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

போர்ட் கிள்ளானிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சாதாரணமாக இருபது நிமிஷம். அன்றைக்கு ஒரு கண்டெய்னர் லோரி திரும்ப முடியாமல் சாலையைக் குறுக்கே அடைத்து நின்றது. அதைத் தாண்டினால் பள்ளிவாசல் பக்கம், தொழுகைக்கு நேரத்தோடு வந்தவர்கள் இரண்டு பக்கமும் காரை ஓரம் கட்டியிருந்தார்கள். வடிகால் ஓரமாக ஏறி, ஒரு கடைக்காரரின் தக்காளிக் கூடையை இடித்து, "சாரி பாஸ், சாரி" என்று கத்திக்கொண்டே போனேன். வாழ்க்கையில் எத்தனையோ தடவை அவசரப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பயந்து அவசரப்பட்டேன். அந்த ஆஸ்துமாப் பிள்ளை எந்த சீட்டில் உட்காருமோ என்றே மனசு ஓடியது.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. வேன் வாசலில்தான் நின்றது. கண்ணாடி ஏற்றி, ஏர்கான் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். இன்னும் இரண்டு பேருக்காக அக்கா காத்திருந்தார்.

கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார். முகம் மலர்ந்திருந்தது.

"என்ன தம்பி, இவ்வளவு தூரம்? நானே உனக்குப் போன் போட்டுச் சொல்லணும்னு இருந்தேன். வண்டி ரொம்ப நல்லா இருக்கு. வாசமே இல்ல. இவங்களும் சரியாயிருச்சான்னு கேட்டாங்க." பக்கத்தில் நின்ற இரண்டு அம்மாக்களைக் காட்டினார். அதில் ஒருத்தி, திட்டின அம்மா. "நம்ம போர்மன்தான் செஞ்சாரு. இனிமே கவலை இல்லன்னு சொல்லிட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"ஒரு போல்ட்டு மட்டும் டைட் பண்ணணும் அக்கா. ரெண்டு நிமிஷம். பிள்ளைங்களை இறக்குங்க."

"போல்ட்டுக்கு எதுக்குப் பிள்ளைங்களை இறக்கணும்? வெயில்ல நிக்கணுமா அதுங்க?"

அக்காவுக்குப் பின்சீட்டில் ஒரு சின்னப் பிள்ளை, முதலாம் வகுப்பு இருக்கும், எட்டிப் பார்த்தது. "அங்கிள், வேன்ல கோயில் வாசம் வந்துச்சு. இப்ப போயிருச்சு. பழைய வாசம் வருது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என் தப்பு அக்கா" என்றேன். அந்த இரண்டு அம்மாக்களும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். குரல் அப்படி வந்துவிட்டது. "பழைய வாஷரை எடுக்காமலே புதுசைப் போட்டுட்டேன்னு நினைக்கிறேன். புகை கசியுது. சோதிச்சுப் பார்க்காம உங்ககிட்ட கொடுத்துட்டேன். அக்கா ஓட்டுறதுல ஒண்ணும் இல்ல. அந்தத் தம்பி வாந்தி எடுத்ததும் இந்தப் புகையாலதான்."

அக்கா எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி இறக்கினார். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு வேன்காரர்களிடம் போய்ப் பேசி, இரண்டு ட்ரிப்பாகப் பிரித்து ஏற்றிவிட்டார். கடைசிப் பிள்ளை போகிற வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை.

எல்லாரும் போன பிறகு சீட்டைத் தூக்கி, மூன்றாவது இஞ்செக்டரில் சோப்புத் தண்ணீர் விட்டேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். புசுபுசுவென்று குமிழ் வந்தது. அக்காவும் எட்டிப் பார்த்தார்.

எஞ்சின் ஆறுகிற நேரம்

கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு வேனை அவரே ஓட்டிவந்தார். நான் மோட்டாரில் பின்னால் வந்தேன். ஏதோ நான் பின்னால் வந்தால் புகை குறையும் என்கிற மாதிரி.

சூடான எஞ்சினைத் தொட முடியாது. ஒரு மணி நேரம் ஆற வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. எழுந்தேன், நடந்தேன், ஸ்பேனரை அடுக்கினேன், கலைத்து மறுபடி அடுக்கினேன். லலிதா பால் விடாத தேநீர், தே ஓ, கொண்டுவந்து கொடுத்தாள். "என் சாம்பிராணி மேல மட்டும் பழியைப் போட்டுடாதீங்க" என்று என் காதோரம் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளுக்குள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, வேனைப் பார்த்துப் பேசினார்.

"வருஷக் கடைசியோட வேனை விட்டுடலாம்னு இருந்தேன். மூணு மாசமா தலைவலி. சாயங்காலம் ஆனா எது எங்க வச்சேன்னு தெரியல. ஒருநாள் ஒரு பிள்ளை பேரு சட்டுன்னு வரல. அன்னைக்கு வீட்டுல உட்கார்ந்து அழுதேன். கண்ணாடி மாத்தினேன், பிரஷருக்கு மாத்திரை மாத்தினேன். வயசாயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு மூளைதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டேன் தம்பி."

தே ஓவைக் கீழே வைத்தேன். வெட்கமாக இருந்தது. மல்லிகைப்பூ என்று நான் சொன்னது, அந்த இரண்டு பேர் சிரித்தது எல்லாம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே இன்னும் அப்படியே இருந்தன.

இஞ்செக்டரைக் கழற்றினேன். இந்தத் தடவை ஓட்டைக்குள் டார்ச் அடித்து, கம்பியால் அடியைச் சுரண்டினேன். முதலில் கறுப்பு. இன்னும் கொஞ்சம் சுரண்டினதும் செம்பு மின்னியது. கொக்கி போட்டு மெதுவாக இழுத்ததும் நாலாவது வாஷர் வந்தது. பிஸ்கட் டின் மூடியில் போட்டேன்.

மற்ற மூன்றையும் திரும்பக் கழற்றிப் பார்த்தேன். தேவையே இல்லை. ஆனாலும் பார்த்தேன். எல்லாவற்றையும் துடைத்து, புது வாஷர் போட்டு, பூட்டி, ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் கொதிக்கிற வரைக்கும் விட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு குமிழ் இல்லை.

"முடிஞ்சுது அக்கா."

அக்கா எழுந்து வந்தார். டிரைவர் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஏறு. உட்காரு."

"எதுக்கு அக்கா?"

"கண்ணாடியை ஏத்து. ஏர்கான் போடு. அரை மணி நேரம் உட்காரு. நானும் உட்கார்றேன்."

அரை மணி நேரம்

அவர் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். எஞ்சின் ஓடியது. முன்கண்ணாடி வழியாக என் பட்டறையை நானே பார்த்தேன். வாசலில் ஒரு லோரிக்காரர் வந்து, என்னைப் பார்த்துக் கையாட்டி, வா என்றார். நான் கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"இருக்கட்டும்" என்றார் அக்கா.

என் முழங்கால் தானாக ஆடியது. அதையும் பார்த்தார். நிறுத்தினேன். ஸ்டியரிங்கில் விரல் தாளம் போட்டது. அதையும் நிறுத்தினேன். சீட்டுக்கு அடியில் நாலு இஞ்செக்டரும் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தன. இத்தனை வருஷத்தில் ஒரு எஞ்சினுக்கு மேல் நான் சும்மா உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான்.

இருபது நிமிஷம் போயிருக்கும்.

"வாசம் வருதா?" என்றார்.

மூக்கை இழுத்துப் பார்த்தேன். என் சட்டை எண்ணெய் வாசம்தான். "இல்ல அக்கா."

"எனக்கும் வரல."

அப்புறம், கோபமே இல்லாத குரலில் கேட்டார். "அன்னைக்கு நான் வந்து சொன்னப்ப, அந்த லோரிக்கு அடியிலேருந்து எழுந்து வந்து இதே சீட்டுல அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம்ல தம்பி?"

என் கை மறுபடியும் கதவுப் பிடிக்குப் போனது.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றார் அக்கா.

கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.